மாயாவியின் யோக்கியதை
(போடிநாயக்கனூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போவது வேதாள மாயாவி என்னும் சித்திரக்கதையைப் பற்றி என்று நோட்டீசில் கண்டதும் பஜாரில் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிறு பிள்ளைகள் பார்க்கிற படப் புத்தகத்தைப் பற்றிப் பேச மேடை எதற்கு, ஒலிபெருக்கி எதற்கு என்று கேட்டார்களாம். வாஸ்தவமான கேள்விதான். ஆனால் இதே ஊரில் பந்தல் போட்டு, விளக்கு வைத்து, பத்துத் தலைக்காரன் கதையை நாள் கணக்காகச் சொன்னபோது, அவன் இரவில் எந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தான் என்று கேட்டு ஒருவராவது சிரித்ததாக நமக்கு ஞாபகமில்லை. மாயாவி கதையை எழுதினவன் அதைக் கதை என்று சொல்லியே விற்றான். அந்த நாணயமாவது அவனிடத்தில் இருந்தது. ஆதலால் அதைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படவில்லை.

விஷயத்திற்கு வருவோம். லீ ஃபாக் என்கிற அமெரிக்கர் 1936 பிப்ரவரி 17ந் தேதி ஒரு பத்திரிகையில் தினம் சில கட்டங்களாக இந்தக் கதையை ஆரம்பித்தார். முதலில் படம் போட்டவர் ரே மூர். 1999இல் சாகிறவரையில், அதாவது 63 வருஷ காலம், லீ ஃபாக்கே கதையை எழுதிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகும் கதை நிற்கவில்லை. வேறு ஆட்கள் இன்றளவும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் 1964இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் என்று புத்தகமாக வெளிவந்தது, தமிழிலும் வந்தது. 1990இல் அது நிற்பதற்குள் 800க்கு மேல் புத்தகங்கள் போட்டுவிட்டார்கள். பிறகு ராணி காமிக்ஸிலும் வந்தான். வேதாளன் என்றும், வேதாளர் என்றும், மாயாவி என்றும் ஒரே ஆளுக்குத் தமிழில் பல பெயர்கள். சாமிக்குத்தான் சகஸ்ர நாமம் இருக்க வேண்டுமா என்ன!

நமக்கு இந்தப் புத்தகம் கிடைத்தது எப்படியென்றால், போடி பேருந்து நிலையத்துக் கடையில் கயிற்றில் தொங்கும். விடியுமுன் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற தாய்மார்களில் நம் தாயாரும் ஒருவர். சனிக்கிழமை கூலி வாங்கிவந்தால் அதில் ஒரு சிறு பங்கு இந்தப் புத்தகத்துக்குப் போகும். ஒரு புத்தகத்தைப் பத்துப் பையன்கள் படிப்போம். அட்டை கிழிந்த பிறகு பசை போட்டு ஒட்டி இன்னும் பத்துப் பேர் படிப்பார்கள்.

கதை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1536இல் ஒரு கப்பலைக் கடற்கொள்ளைக்காரர்கள் தாக்கி எல்லாரையும் கொன்றுவிடுகிறார்கள். ஒரு வெள்ளைக்கார வாலிபன் மட்டும் பிழைத்துக் கரையில் ஒதுங்குகிறான். பந்தர் என்று பெயருள்ள குள்ள மனிதர்கள் அவனைத் தூக்கிப்போய்க் காப்பாற்றுகிறார்கள். தன் தகப்பனைக் கொன்றவனுடைய மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் ஒழிப்பேன், என் சந்ததியும் அதையே செய்யும் என்று அவன் சத்தியம் செய்கிறான். அவன் செத்ததும் அவன் மகன் அதே உடுப்பையும் அதே முகமூடியையும் போட்டுக்கொள்கிறான். மகன் செத்ததும் பேரன். இப்படி 21 தலைமுறை. வெளியே காட்டு ஜனங்களுக்கோ அவன் ஒரே ஆள், 400 வருஷமாகச் சாகாத ஆள், நடமாடும் ஆவி. உள்ளே மண்டையோட்டுக் குகையிலோ வரிசையாக 20 பேருடைய கல்லறைகள்!

இந்தக் கதையில் நமக்குப் பிடித்த இடம் இதுதான். எந்தப் புராணத்திலாவது, எந்தத் தல மகாத்மியத்திலாவது, சாகாதவனுடைய சமாதியைத் திறந்து காட்டியிருக்கிறார்களா? இங்கே முதல் பக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். உடுப்பின் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறார்கள். பந்தர்களை வசாக்கா என்கிற நெட்டை ஜாதியார் அடிமையாக வைத்திருந்தார்கள். அந்த வசாக்காக்கள் ஒரு பேய்ச் சாமிக்குப் பயந்தவர்கள். முதல் மாயாவி என்ன செய்தான்? அந்தச் சாமியின் உருவத்தைப் போலவே துணி தைத்துப் போட்டுக்கொண்டு போய் எதிரே நின்றான். தாங்கள் கும்பிட்ட பொம்மையே எழுந்து வந்துவிட்டதென்று எஜமானர்கள் மிரண்டார்கள். அடிமைகள் அடித்துக்கொண்டு வெளியேறினார்கள். சாமியைக் காட்டி அடிமைப்படுத்தினவனை அதே சாமி வேஷத்தால் துரத்திய கதை இது. பையனாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தோம்.

ஆனால் அடிமைகள் விடுதலையானது முதல் தலைமுறையில். அதற்குப் பிறகும் 20 தலைமுறைக்கு அந்த வேஷம் எதற்கு? எஜமானர்கள் ஓடிவிட்டார்களே, வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'நானும் உங்களைப் போல மனிதன்தான், செத்துப்போவேன்' என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. பந்தர்களுக்கு மட்டும் உள்விஷயம் தெரியும். மற்ற காட்டு ஜனங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. முகமூடியில்லாமல் அவன் முகத்தைக் கண்டவன் கோரச்சாவு சாவான் என்று காட்டுப் பழமொழிகள் வேறு பரப்பப்பட்டிருக்கின்றன. அந்தப் பழமொழிகளை உண்டாக்கினவர்கள் யாரென்று எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை. நமக்கென்னவோ குகைக்குள்ளிருந்துதான் அவை புறப்பட்டிருக்கும் என்று படுகிறது.

'இதனால் என்ன நஷ்டம்? பயத்தினால் அந்தக் காட்டில் திருட்டில்லை, சண்டையில்லை. நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்தானே' என்று நம் நண்பர் ஒருவர் வாதாடினார். அவருக்கு நாம் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். அது நம் குடும்பத்துச் சங்கதி.

நம் சின்ன வயதில், மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், ஒரு சரிவில் முனி நடமாடுகிறது என்று பேச்சு. இருட்டின பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். பலபேர் கண்ணால் கண்டதாகவே சொன்னார்கள்; பனை உயரம் இருக்கும், வெள்ளையாக இருக்கும், நெற்றியில் நெருப்பு இருக்கும், நடந்தால் சலங்கைச் சத்தம் கேட்கும் என்றார்கள். ஒரு மழைக்காலத்து இரவு, அந்தத் தோட்டத்து லயத்தில் இருந்த நம் பெரியம்மாவுக்குப் பிரசவ வேதனை கண்டது. கம்பளியில் டோலி கட்டித் தூக்கினார்கள். முனிச் சரிவின் வழியாக இறங்கினால் அரை மணியில் ஜீப்புப் பாதை. தூக்கினவர்கள் மாட்டேனென்றுவிட்டார்கள். சுற்றுப்பாதையில், அட்டைக்கடியிலும் வழுக்கலிலும், மூன்று மணிக்கு மேலாயிற்று. பெரியம்மா பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

இது நடந்து ரொம்ப வருஷம் கழித்து, அந்தத் தோட்டத்துக் காவல்காரராயிருந்த கிழவர் நம்மிடம் வாய்விட்டுச் சொன்னார். பச்சைக்காயைச் சரத்தோடு அறுத்துக்கொண்டு போகிற திருடருக்குப் பயந்து, வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூங்கில் நுனியில் அரிக்கேன் விளக்கைக் கட்டி உயர்த்திப் பிடித்து, காலில் சலங்கையோடு அந்தச் சரிவில் நடந்தவர் அவர்தான்! திருட்டு நின்றது, முதலாளிக்குச் சந்தோஷம். தனக்கு முடியாமற் போனால் பார்த்துக்கொள்ளட்டுமென்று தன் மகனையும் அதற்குப் பழக்கியிருந்தாராம். அன்றிரவு டோலிக்குத் தோள் கொடுத்த நால்வரில் அவரும் ஒருவர். 'அந்த வழியே போகலாம், முனியுமில்லை கினியுமில்லை, அது நான்தான்' என்று சொல்ல வாய் வரை வந்ததாம். சொன்னால் வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். நாம் அவரைக் கோபிக்கவில்லை. நல்ல காரியத்துக்கான பொய் என்று சொல்லுகிற நண்பரைத்தான் கேட்டோம், அந்தப் பிள்ளையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று. அவர் பதில் சொல்லவில்லை.

நிற்க. கதைக்கே திரும்புவோம்.

பந்தர் என்கிற பெயரைக் கவனித்தீர்களா? இந்தியில் பந்தர் என்றால் குரங்கு. கிப்ளிங் என்கிற வெள்ளைக்காரர் எழுதிய காட்டுக் கதையில் குரங்குக் கூட்டத்துக்கு அந்தப் பெயர்தான். காட்டில் இருக்கிற ஜனங்கள், அதுவும் தன்னைப் பிழைக்க வைத்த ஜனங்கள். அவர்களுக்கு வைத்த பெயர் குரங்கு. தெற்கே காட்டில் இருந்தவனையெல்லாம் வால் ஒட்டவைத்துப் படம் எழுதின கதை நமக்குப் புதிதல்ல. அமெரிக்காவுக்குப் போனாலும் அந்தப் புத்தி ஒன்றாய்த்தான் இருக்கும் போலிருக்கிறது. (குரங்கணியிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் சிரிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரை நாம் ஒன்றும் சொல்லவில்லை.) நம் நாட்டுக்காரர்களுக்கு மனம் புண்படுமென்று இந்திரஜால்காரர்கள் சில பெயர்களை மாற்றினார்கள். சிங் என்றிருந்த கொள்ளைக் கூட்டத்தைச் சிங்கா ஆக்கினார்கள். பெங்காலா என்ற தேசம் டெங்காலி ஆயிற்று. கொள்ளைக்காரன் பெயர் நம் ஜாதியாரைக் குறிக்கிறதே என்று ரோஷப்பட இந்த நாட்டில் ஆள் உண்டு. காட்டுவாசிக்காக ரோஷப்பட யாரிருக்கிறார்கள்?

இந்த மலையில் முதுவர் உண்டு, பளியர் உண்டு, மன்னான்கள் உண்டு. வெள்ளைக்கார தோட்டக் கம்பெனிகள் வந்தபோது பாதை தெரிந்தவர்கள் இவர்கள்தான். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகத் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கி போடிக்கு வந்த காலமொன்று இருந்தது. மேலே டாப் ஸ்டேஷன் வரையில் ஓடிய மலை ரயிலை 1924ஆம் வருஷத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தத் துரைமார்கள் பேர் இன்னும் பங்களாக்களிலும் புத்தகங்களிலும் இருக்கிறது. வழி காட்டின முதுவன் பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்! நாம் பையன்களாக மாயாவியைப் படித்தபோது, மலைச்சரிவில் கறுத்த உடம்போடு, தலையில் மூட்டையோடு நின்றுகொண்டு, குதிரைமேல் வருகிற வெள்ளை மாயாவியாக நம்மை நினைத்துக்கொண்டோம். மூட்டை தூக்குகிற பந்தராக ஒருவனும் நினைத்துக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகம் நமக்குச் செய்த கெடுதியில் இதுதான் பெரியது என்பது நம் அபிப்பிராயம்.

மாயாவியின் மகனுக்கு அமெரிக்காவில் படிப்பு. 21ஆவது மாயாவி அங்கே கலாசாலையில் படித்துப் பந்தயங்களில் ஜெயித்துக்கொண்டிருந்தவன். தகப்பன் சாகப்போகிறான் என்று ஆள் வந்ததும் திரும்பி வந்து உடுப்பை மாட்டினான். குகையில் அலெக்சாந்தரின் வைரக் கோப்பை முதற்கொண்டு பொக்கிஷம் குவிந்து கிடக்கிறது. அந்தக் காட்டுப் பிள்ளைகளில் ஒன்றை அந்தக் கலாசாலைக்கு அனுப்ப 400 வருஷத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கானகக் காவல்படை என்று ஒன்று வைத்திருக்கிறான். அதன் தளபதி யாரென்று படைக்கே தெரியாது. ஓர் இரும்புப் பெட்டிக்குள் உத்தரவு வந்து கிடக்கும், எடுத்துப் படித்துவிட்டுப் போய்ச் செய்ய வேண்டியது. நம் ஊரில் அதற்குப் பெயர் அசரீரி.

ஆயினும் எழுதினவர் காலத்தோடு நகராதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலையாகி வந்த 1960களில், கதையிலும் அந்தத் தேசம் குடியரசாயிற்று. லுவாகா என்கிற கறுப்பு டாக்டர் ஓட்டு வாங்கி ஜனாதிபதியானார். பபாபு என்கிற ஜெனரல் அவரை ஒழிக்கப் பார்த்தபோது மாயாவி லுவாகா பக்கம் நின்றான். நல்லதுதான். ஆனால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த டாக்டர் ஒரு புறம் இருக்க, ஒருவரும் தேர்ந்தெடுக்காதவன் மண்டையோட்டு ஆசனத்தில் அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறான். நம் நாட்டிலும் சட்டசபை ஒரு பக்கம், பரம்பரை மடாதிபதி ஒரு பக்கம் என்று இருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே இதைப் படித்து நமக்கு ஆச்சரியம் வரவில்லை.

தாய்மார்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு சங்கதி உண்டு. 21 தலைமுறையும் ஆண்பிள்ளைகள். முன்னொரு தலைமுறையில் மாயாவி காயம்பட்டுப் படுத்துவிட்டபோது அவன் சகோதரி ஜூலி என்பவள் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் எல்லாக் காரியத்தையும் செய்தாள். சண்டை போட்டாள், நியாயம் வழங்கினாள், காடு பயந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்ததும் உடுப்பு அவனிடம் போய்விட்டது. ஜூலிக்கு அந்த வரிசையில் எண் கிடையாது. 17 என்றோ 18 என்றோ அவளை எண்ணினால் பிறகு எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகுமே, அந்தக் கஷ்டம்தான் போலிருக்கிறது! வேலையைச் செய்வதற்கு யோக்கியதை உண்டு, எண்ணிக்கையில் சேருவதற்கு யோக்கியதை இல்லை என்பது உங்களுக்குப் பழக்கமான நியாயம். ஸ்டோரில் உட்கார்ந்து காய் காயாகப் பார்த்துத் தரம் பிரிக்கிற கை உங்கள் கை. ஏலம் கூறுகிற இடத்தில் விலை கேட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெண் எத்தனை பேர் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

லீ ஃபாக்குக்குப் பிறகு எழுதவந்த டோனி டிபால் என்பவர் இந்த இடத்தைக் கவனித்திருக்கிறார். 21ஆவது மாயாவிக்கும் டயானாவுக்கும் 1977இல் கலியாணம். பிறகு இரட்டைப் பிள்ளைகள், கிட் என்கிற மகனும் ஹெலோயிஸ் என்கிற மகளும். டிபால் கதைகளில் ஹெலோயிஸ் வளர்ந்து, நியூயார்க்கில் படிக்கப்போன இடத்தில், தகப்பனாலேயே பிடிக்க முடியாமலிருந்த பயங்கரவாதி ஒருவனைத் தன் சாமர்த்தியத்தால் பிடித்துக்கொடுக்கிறாள். உடுப்பு யாருக்கு என்கிற கேள்வி இனி அவ்வளவு சுலபமாகத் தீராது. அன்றியும் இந்தப் பரம்பரையே முடிந்துபோகக்கூடும் என்று ஒரு கிழவன் குறி சொல்வதாக நீண்ட கதையொன்றும் அவர் எழுதினார். குறி சொல்வதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆனால் 80 வருஷத்துக்கு மேல் ஓடின ஒரு கதை, 'நான் முடிந்தால் என்ன?' என்று தன்னையே கேட்டுக்கொண்டதை மெச்சத்தான் வேண்டும்.

படம் எழுதினவன் கதை என்றே சொன்னாலும் ஜனங்கள் அதை எங்கே கொண்டுபோவார்கள் என்று சொல்ல முடியாது. நியூ கினி என்கிற தீவில், வாகி என்கிற மலைப் பள்ளத்தாக்கில், 1980களில் இரு தரப்பாருக்குள் சண்டை மூண்டபோது, வீரர்கள் தங்கள் ஆளுயரக் கேடயங்களில் இந்த மாயாவியின் படத்தை எழுதிக்கொண்டு போனார்கள். சாகாதவன் படம் என்பதற்காகத்தான். அந்தக் கேடயங்களை வெள்ளைக்காரர் பொருட்காட்சிகளில் இன்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைத்த புத்தகத்திலும் கல்லறைகள் இருந்திருக்கும். கல்லறையைத் தாண்டி, சாகாதவன் என்ற வார்த்தையை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களை நாம் கேலி செய்யமாட்டோம். லாரியின் முகப்பில் எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டு மலை இறங்குகிறவர்கள் நாம்.

இன்னொரு மாயாவியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் சிவகாசித் தோழர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் முதல் புத்தகமாகப் போட்ட இரும்புக்கை மாயாவிதான் அவன். 1962இல் இங்கிலாந்தில் வாலியண்ட் என்கிற பத்திரிகையில் ஆரம்பித்த கதை. லூயி கிராண்டேல் என்கிற பரிசோதனைச்சாலை வேலைக்காரனுக்குக் கை போய், இரும்புக்கை வைத்திருந்தான். ஒரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும், அந்தக் கை தவிர மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அப்படி நடக்குமா என்றால் நடக்காது. அது வேறு விஷயம். ஆனால் கதைக்குள் அதற்குக் காரணம் உண்டு, அளவு உண்டு. மின்சாரம் இருந்தால்தான் மறைவான். வேகம் தீர்ந்தால் தெரிந்துவிடுவான். கை எப்போதும் தெரியும். தவமில்லை, வரமில்லை, பிறப்பில்லை. சக்தி கிடைத்ததும் முதலில் அயோக்கியத்தனந்தான் செய்தான். கொள்ளையடித்தான், ஊரை மிரட்டினான். பிறகு புத்தி திருந்தி, நிழற்படையில் சேர்ந்து நாட்டுக்கு வேலை செய்தான். சக்தி வந்தவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று அந்தக் கதை பொய் சொல்லவில்லை. அவன் மகன்தான் அடுத்த மாயாவி என்றும் சொல்லவில்லை.

இந்திரஜாலிலும் 1976இல் ஆபித் சுர்த்தி என்பவர் பகதூர் என்று ஓர் ஆளை உண்டாக்கினார். கொள்ளைக்காரனுக்குப் பிறந்தவன், கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு கொள்ளைக்காரர்களை எதிர்க்கிறான். முகமூடி கிடையாது. பிறப்பினால் குணம் வரும் என்கிறவர்கள் அந்தப் பகதூரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆனால் அவனைப் பிள்ளைகள் மாயாவியைக் கொண்டாடின அளவு கொண்டாடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஒருவன் ஜெயித்தால் நமக்கு ருசிப்பதில்லை. குகையிலிருந்து வந்தால்தான் ருசிக்கிறது. இந்திரஜாலில் வேலை பார்த்த அனந்த் பை என்பவர், பிறகு 1967இல் அமர் சித்திர கதை என்று ஆரம்பித்து, புராணங்களை அதே கட்டம் கட்டமான படத்தில் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாயாவி புத்தகத்தில் கல்லறையைக் காட்டினார்கள் என்று சொன்னோமே, அந்தக் கட்டம் மட்டும் அதில் காணோம்.

நேரமாகிவிட்டது. விடியுமுன் ஜீப்பு ஏற வேண்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். மேலே சொன்ன காவல்காரர் போனபிறகு அந்தச் சரிவில் வெளிச்சம் தெரிகிறதா என்று மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. அவர் மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். போன வருஷம் நாம் இரவு எட்டு மணிக்கு அந்த வழியாகவே இறங்கினோம். கூட வந்தவர் நம் பெரியம்மா. வழி முக்கால்வாசி புதர் மூடிவிட்டது. நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

வேறு கேள்வி இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து கேட்கலாம். சீட்டெழுதத் தெரியாத தாய்மார்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேளுங்கள். நாம் கீழே இறங்கி வருகிறோம்.